எங்கள் பாப்பாவுக்குப் பொருந்துகிற ஒரு மாத்திரை

என் அண்ணன் மகளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சளி பசையாகி நுரையீரலையும் கணையத்தையும் கெடுக்கும் பரம்பரை நோய். சேலத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். மருத்துவம் படித்தவர்களிலேயே சிலர் "அது வெள்ளைக்காரங்களுக்கு வர்றதாச்சே" என்று கேட்டிருக்கிறார்கள். நமக்கும் வரும், வந்துகொண்டும் இருக்கிறது. வெளிநாட்டில் குடியேறிய இந்தியக் குடும்பங்களை வைத்துப் போட்ட மதிப்பீடுகள் 10,000 பிறப்புக்கு ஒன்றிலிருந்து 40,000 பிறப்புக்கு ஒன்று வரை போகின்றன. வருஷத்துக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தை பிறக்கிற நாடு இது, அதில் குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு ஐந்நூறு குழந்தைகள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த நோயின் பெயராவது தெரிந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

நான் பார்மசி கல்லூரியில் மெடிசினல் கெமிஸ்ட்ரி நடத்துகிறேன். ஒரு மருந்து எப்படிப் பிறக்கிறது என்பதைப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, அதே கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோது புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி தெரிந்தது. இந்த நோய்க்கு இன்று மாத்திரை இருக்கிறது. அந்த மாத்திரை கண்டுபிடிக்கப்பட்ட விதம் நம் காலத்து மருந்தியலில் நடந்த மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன், தமிழில் யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் வியர்வையைப் பற்றி. ஏப்ரல், மே மாதங்களில் சேலம் எப்படிக் காயும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வியர்வைச் சுரப்பி முதலில் நல்ல உப்புக் கரைசலாகத்தான் வியர்வையைச் செய்கிறது. அது தோலுக்கு வரும் வழியில், குழாயின் சுவரில் இருக்கும் சிஎஃப்டிஆர் என்ற புரதம் குளோரைடைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது, கூடவே சோடியமும் வந்துவிடும். இந்தப் புரதம் வேலை செய்யாத குழந்தைக்கு உப்பு அப்படியே வெளியே போய்விடும். வெயில் காலத்தில் கைக்குழந்தை துவண்டு, ரத்தத்தில் சோடியமும் குளோரைடும் பொட்டாசியமும் இறங்கி, ஆபத்தான நிலைக்கே போகலாம். இந்த நோயை 1938இல் தனி நோயாக விவரித்தவர் நியூயார்க்கில் இருந்த டோரதி ஆண்டர்சன். 1948இல் அதே ஊரில் அடித்த கடும் வெயிலில் மயங்கி ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் இருந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள், அந்தக் கவனிப்பைப் பிடித்துக்கொண்டு போய் 1953இல் டி சான்ட் அக்னீஸ் என்பவர் வியர்வையில்தான் உப்பு அதிகம் என்று காட்டினார். 1959இல் கிப்சனும் குக்கும் பைலோகார்பின் கொண்டு வியர்வையை வரவழைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அதுதான் சோதனை. குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் இருக்கிறது, 30க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. ஊசி இல்லை, பெரிய வலி இல்லை, டெல்லி எய்ம்ஸில் குறைந்த செலவில் செய்யும் முறையை அவர்களே உருவாக்கியும் இருக்கிறார்கள்.

வியர்வையில் உள்ளே இழுக்கிற அதே புரதம் நுரையீரலிலும் கணையத்திலும் குளோரைடையும் பைகார்பனேட்டையும் வெளியே விடுகிறது. அது நடக்காவிட்டால் தண்ணீரும் வராது, சளி பசையாக ஒட்டிக்கொண்டு நகராது, அதில் சூடோமோனாஸ் மாதிரி கிருமிகள் குடியேறிவிடும். கணையத்துக் குழாய்கள் அடைத்துக்கொள்வதால் சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் மலத்தில் எண்ணெயாகப் போகும், குழந்தைக்கு எடை ஏறாது.

பாப்பாவுக்கு இது எல்லாமே இருந்தது. விடாத இருமல், எவ்வளவு சாப்பிட்டாலும் குச்சி மாதிரி கை கால். ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டிபி என்று சொல்லி ஆறு மாதக் கோர்ஸ் கொடுத்தார்கள். கிருமி எதுவும் பரிசோதனையில் தெரியவில்லை, இருமலும் நிற்கவில்லை, இன்னொரு இடத்தில் ஆஸ்துமா என்றார்கள். கயிறு மந்திரித்துக் கட்டியதும் நடந்தது. ஒரு மே மாதம் பாப்பா துவண்டு விழுந்து, ரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்திருந்ததைப் பார்த்த ஓர் இளம் குழந்தை மருத்துவர்தான் "இவ்வளவு நாள் இருமல், எடை ஏறலை, இப்போ சோடியம் இப்படி, மூணும் சேர்ந்து வருதுன்னா ஸ்வெட் டெஸ்ட் பார்த்துடலாம்" என்று வேலூர் சிஎம்சிக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரியது.

ரிசல்ட் வந்தது, அப்புறம் மரபணுச் சோதனை. மரபணுவின் இரண்டு பிரதியிலும் எஃப்508டெல் என்ற மாற்றம்.

சிஎஃப்டிஆர் மரபணு ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. 1989இல் டொராண்டோவில் லாப் சீ சூய், ஜான் ரியோர்டன், மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தன. புரதம் 1,480 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. மரபணுவில் மூன்று எழுத்துகள் விட்டுப்போனதால் 508ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஃபினைல்அலனைன் இல்லாமல் போவதுதான் எஃப்508டெல். மேற்கு நாடுகளில் நோயாளிகளில் 85 சதவீதத்துக்கு மேல் குறைந்தது ஒரு பிரதியாவது இதை வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் அந்தப் பங்கு குறைவு, நம்மிடம் அபூர்வமான மாற்றங்கள் நிறைய. மொத்தத்தில் இந்த மரபணுவில் 2,000க்கு மேற்பட்ட மாற்றங்கள் இதுவரை பதிவாகியிருக்கின்றன, எல்லாமே நோய் தருபவை இல்லை.

அண்ணன் கட்டியது எங்கள் தாய்மாமன் மகளை. மாமா வீடு ஏற்காட்டில், அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் உண்டு. நம் பக்கம் சொந்தத்தில் கட்டுவது எவ்வளவு சாதாரணம் என்பது தெரியும். ஒரே பழுதுள்ள பிரதி தாத்தா பாட்டியில் ஒருவரிடமிருந்து அம்மா வழியாக அண்ணனுக்கும், மாமா வழியாக அண்ணிக்கும் வந்து, பாப்பாவிடம் இரண்டும் சேர்ந்திருக்கிறது. ஒரு பிரதி மட்டும் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் கடத்தி, அவ்வளவுதான். இருவரும் கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. கணக்குப்படி நானும் கடத்தியாக இருக்கப் பாதி வாய்ப்பு இருக்கிறது. இதை நான் வீட்டில் கூடத்தில் உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கியபோது, யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அண்ணியை ஏற்கெனவே சொந்தக்காரர்கள் போதுமான அளவு பேசிவிட்டார்கள்.

சரி, மருந்துக்கு வருகிறேன். இந்தக் கதையின் சாவி என்று நான் நினைப்பது இரண்டு ஆராய்ச்சிகள். 1990இல் ஜென்சைம் நிறுவன ஆய்வாளர்கள், எஃப்508டெல் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர்வதே இல்லை என்று கண்டார்கள். செல்லுக்குள் புரதத்தை மடித்துச் சரிபார்க்கும் இடத்திலேயே அது தடுக்கப்பட்டு உடைத்து எறியப்படுகிறது. அம்மாபேட்டைத் தறியில் நெய்த வேட்டியில் ஓர் இழை விட்டிருந்தால் வாங்குகிற முதலாளி கழித்துப் போட்டுவிடுவார், ஆனால் அதை இடுப்பில் கட்டினால் அது வேட்டியாகத்தான் இருக்கும். இங்கேயும் அதேதான் நடக்கிறது. 1992இல் அயோவா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வெல்ஷின் குழு, இந்தப் பழுதுள்ள புரதத்தைச் செய்யும் செல்களை 37 டிகிரியில் வளர்க்காமல் 30 டிகிரிக்குக் கீழே இறக்கி வளர்த்துப் பார்த்தார்கள். புரதத்தில் கொஞ்சம் சரியாக மடிந்து மேற்பரப்புக்கு வந்தது, வந்தது மட்டுமில்லாமல் குளோரைடையும் கடத்தியது!

இதை அண்ணியிடம் சொன்னபோது அவர் உடனே கேட்டார், "ஏம்மா, அப்போ பாப்பாவ ஏற்காட்டுலயே வெச்சுக்கிட்டா சரியாயிடுமா?" கோடை விடுமுறையில் பாப்பா மேலேதான் இருப்பாள், வியர்வை குறைவதால் உப்பு இழப்பும் குறையும், அதனால் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் 1,500 மீட்டர் உயரத்திலும் உடம்புக்குள் 37 டிகிரிதான். குளிர் செய்த வேலையை உடம்பின் சூட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பொருள் வேண்டும். புரதம் மடியும்போது கூடவே இருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும், செல்லுக்குள் நுழையும் அளவு சிறியதாகவும் இருக்க வேண்டும். பழுதைச் சரிசெய்யவே முடியாது என்ற நிலையிலிருந்து, தேடினால் கிடைக்கலாம் என்ற நிலைக்கு இந்த ஆய்வு கொண்டுவந்தது.

அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியது ஜீன் தெரபியை. மரபணு கிடைத்துவிட்டது, நல்ல பிரதியை ஒரு வைரஸில் ஏற்றி மூச்சுக்குழாய்க்குள் அனுப்பிவிடலாம் என்று 1993இலேயே நோயாளிகளிடம் முயன்றார்கள். கெட்டிச் சளியைத் தாண்டுவதும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சமாளிப்பதும் பெரும்பாடாக இருந்தது, நிலைத்த பலன் கிடைக்கவில்லை. சிறுமூலக்கூறு என்பது வேறு வழி. இப்படிப் பின்னால் கிடைத்த மருந்துகளில் ஒன்றான ஐவகாஃப்டரின் மூலக்கூறு எடை 392, சிஎஃப்டிஆர் புரதத்தின் எடை அதைப்போல நானூறு மடங்குக்கு மேல். அவ்வளவு சின்னது என்பதால் வாயால் விழுங்கலாம், குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும், ரத்தம் போகும் இடமெல்லாம் போகும், நுரையீரல், கணையம், வியர்வைச் சுரப்பி எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை. என் மாணவர்களிடம் நான் இதை அழுத்திச் சொல்வேன், உயிருள்ள செல்களில் தயாராகும் பயாலஜிக்ஸ் மருந்துகள் வந்துவிட்டதால் கெமிஸ்ட்ரிக்கு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் 1990களின் கடைசியில் எந்தப் பெரிய மருந்துக் கம்பெனியும் இதில் இறங்கத் தயாராக இல்லை. நோயாளிகள் குறைவு, பழுதான புரதத்தை மருந்தால் திருத்துவது அதுவரை யாரும் செய்யாத காரியம். அமெரிக்காவில் 1955இலிருந்து இயங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன், பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. அப்போது அதன் தலைவராக இருந்த ராபர்ட் பீல், திரட்டிய நன்கொடையை எடுத்துக்கொண்டு சான் டியாகோவில் இருந்த அரோரா பயோசயின்சஸ் என்ற சின்ன கம்பெனியிடம் போனார். 2000ஆம் ஆண்டில் போட்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 4 கோடி டாலருக்கு. அடுத்த வருஷமே வெர்டெக்ஸ் நிறுவனம் அரோராவை வாங்கியது, வேலை தொடர்ந்தது.

அரோராவிடம் இருந்தது ஒரு நல்ல கருவி. பின்னால் நோபல் பரிசு வாங்கிய ரோஜர் சியனின் ஆய்வகத்தில் ஹெசுஸ் கொன்சாலஸ் உருவாக்கிய இரட்டைச் சாய முறை அது. செல்லின் சவ்வில் இரண்டு சாயங்கள், ஒன்று வெளிப்பக்கத்தில் நிலையாக நிற்கும், இன்னொன்று சவ்வின் மின்னழுத்தத்தைப் பொறுத்து உள்ளும் வெளியும் நகரும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒரு நிறம், விலகினால் இன்னொரு நிறம். குளோரைடு வழி திறந்தால் மின்னழுத்தம் மாறும், நிறமும் மாறும். ஆக, ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான குழிகளில் செல்களை வைத்து, ஒவ்வொரு குழியிலும் வெவ்வேறு வேதிப்பொருளைச் சொட்டி, எங்கே நிறம் மாறுகிறது என்று எந்திரம் பார்த்துக்கொண்டே போகும். புரதத்தின் வடிவம் அப்போது யாருக்கும் தெரியாது. எந்த இடத்தில் எந்த மூலக்கூறு போய் உட்காரும் என்று வரைந்து பார்க்கவே வழியில்லை. குருட்டுத் தேடல்தான், ஆனால் சரியான கேள்வியோடு செய்த குருட்டுத் தேடல். 2,28,000 வேதிப்பொருட்களைச் சோதித்ததிலிருந்து தொடங்கி, கிடைத்த ஒன்றை வேதியியலாளர்கள் மாற்றி மாற்றிச் செய்து வந்து சேர்ந்தது விஎக்ஸ்-770, இன்றைய ஐவகாஃப்டர். இன்னொரு தேடலில் 1,64,000 பொருட்களிலிருந்து விஎக்ஸ்-809, அதாவது லூமகாஃப்டர். இந்த வேலையில் பால் நெகுலெஸ்கு, வேதியியலாளர் சபீன் ஹதீதா, ஃபிரெட் வான் கூர் ஆகிய மூவரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசியாக எந்தப் பொருள் தேறும் என்பதை அவர்கள் எலிச் செல்லை வைத்து முடிவு செய்யவில்லை. நுரையீரல் மாற்று அறுவைக்குப் போன நோயாளிகள் தங்கள் பழைய நுரையீரலைக் கொடுத்தார்கள், அதிலிருந்து மூச்சுக்குழல் செல்களை வளர்த்து, அதில் வேலை செய்தால்தான் மேலே போவது என்று வைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு முடிவுதான் அவர்களைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

ஐவகாஃப்டர் கதவைத் திறக்கும் வகை. புரதம் மேற்பரப்புக்கு வந்துவிட்டது, ஆனால் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்ற ஜி551டி போன்ற மாற்றங்களுக்கு அது நேராகப் பொருந்தியது. 2011இல் வெளியான சோதனையில், ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, இதைத்தான் எஃப்இவி1 என்கிறார்கள், மருந்தில்லாதவர்களைவிட 10 சதவீதப் புள்ளிக்கு மேல் உயர்ந்தது. வியர்வைக் குளோரைடு 48 மில்லிமோல் அளவுக்கு விழுந்தது. 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி. நோயின் அறிகுறியைக் குறைப்பதோடு நிற்காமல் பழுதான புரதத்தையே தொட்ட முதல் மருந்து. ஆனால் அந்த மாற்றம் உள்ளவர்கள் மொத்த நோயாளிகளில் 4 சதவீதம் அளவுதான்.

பாப்பா மாதிரியானவர்களுக்கு இரண்டு வேலை நடக்க வேண்டும், முதலில் மடித்து மேலே கொண்டுவர ஒரு மருந்து, அப்புறம் திறக்க ஒரு மருந்து. லூமகாஃப்டர் மட்டும் கொடுத்தால் ஆய்வகச் செல்லில் இயல்பான அளவில் 14 சதவீதம் வரைதான் வந்தது. அதையும் ஐவகாஃப்டரையும் சேர்த்து 2015இல் வந்த ஓர்காம்பி மாத்திரை கொடுத்த முன்னேற்றம் எஃப்இவி1இல் 3, 4 புள்ளி. அதிலும் ஒரு சங்கடம், லூமகாஃப்டர் கல்லீரலில் சிஒய்பி3ஏ நொதியைத் தூண்டிவிட்டு, கூட வந்த ஐவகாஃப்டரையே சீக்கிரம் அழித்துவிடும். லூமகாஃப்டருக்குப் பதிலாக 2018இல் வந்த டெஸகாஃப்டர் அந்தத் தொல்லையைப் போக்கியது, பலன் பெரிதாகக் கூடவில்லை.

இதற்கிடையில் 2012இல் வந்த அடிப்படை ஆய்வுகள் ஒரு காரணத்தைச் சுட்டியிருந்தன. 508ஆவது இடம் காலியாவதால் பழுது ஒன்றில்லை, இரண்டு. அந்தப் பகுதி தானே நிலையில்லாமல் போகிறது, கூடவே அது புரதத்தின் மற்ற பகுதியோடு பொருந்தும் மூட்டும் கெடுகிறது. ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதாது. அப்படியானால் வெவ்வேறு இடத்தில் பிடிக்கிற இரண்டு திருத்திகள், அதாவது புரதத்தைச் சரியாக மடியவைக்கும் மருந்துகள், வேண்டும். அந்த இரண்டாவது திருத்திக்காகத் தேடியதில் விஎக்ஸ்-659, விஎக்ஸ்-445 என்று இரண்டு கடைசிக் கட்டச் சோதனை வரை வந்தன, 445ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் எலெக்ஸகாஃப்டர். எலெக்ஸகாஃப்டர், டெஸகாஃப்டர், ஐவகாஃப்டர் மூன்றும் சேர்ந்த டிரைகாஃப்டா 2019 அக்டோபரில் அனுமதி பெற்றது. ஒரு பிரதி மட்டும் எஃப்508டெல் உள்ளவர்களிடம் எஃப்இவி1 14 புள்ளி கூடியது. பாப்பாவைப் போல இரண்டு பிரதி உள்ளவர்களிடம், ஏற்கெனவே டெஸகாஃப்டர் கூட்டு எடுத்துக்கொண்டிருந்த நிலையிலிருந்தே மேலும் 10 புள்ளி, அதுவும் நான்கே வாரத்தில். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சளி இளகி வாரிவாரி வெளியே வந்ததாக நோயாளிகள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நான் ஒரு நாள் ஸ்டாஃப் ரூமிலேயே அழுதேன். 2023இல் இரண்டு வயதுக் குழந்தை வரைக்கும் அனுமதி இறங்கி வந்தது.

கெமிஸ்ட்ரிக்காரியாக எனக்கு மிகப் பிடித்த இரண்டு விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகள் புரதத்தில் எங்கே போய் உட்காருகின்றன என்பது மருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜூ சென்னின் குழு கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து 2019இல் ஐவகாஃப்டரின் இடத்தைக் காட்டியது, திருத்திகளின் இடம் தெரிந்தது 2022இல், டெஸகாஃப்டரும் எலெக்ஸகாஃப்டரும் உண்மையிலேயே வெவ்வேறு இடங்களில்தான் பிடித்துக்கொண்டிருந்தன. இன்னொன்று டியூட்டிவகாஃப்டர். ஐவகாஃப்டரில் ஒரு மூலையில் இருக்கும் ஒன்பது ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்தார்கள், வேறொன்றும் இல்லை. கல்லீரல் அதை மெதுவாகத்தான் உடைக்கிறது, அதனால் இரண்டு வேளை மருந்து ஒரு வேளையானது. அது சேர்ந்த புதிய மும்மருந்துக் கூட்டு 2024 டிசம்பரில் அனுமதி பெற்றது.

நம் ஊருக்கு முக்கியமான ஓர் எச்சரிக்கையும் இதே கல்லீரல் நொதியில் இருக்கிறது. டிபி மருந்தான ரிஃபாம்பிசின் சிஒய்பி3ஏயைப் பலமாகத் தூண்டும், கூடச் சாப்பிட்டால் ரத்தத்தில் ஐவகாஃப்டரின் மொத்த அளவு 89 சதவீதம் குறைந்துவிடுகிறது. இந்த நோயை டிபி என்று நினைத்து மருந்து கொடுப்பது சாதாரணமாக நடக்கும் நாட்டில் இதை மருத்துவர், பார்மசிஸ்ட் இருவருமே மனதில் வைத்திருக்க வேண்டும். பம்ப்ளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் எதிர்த் திசையில் வேலை செய்யும், அதுவும் கூடாது. அப்புறம் இந்த மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் போட வேண்டும், ஐவகாஃப்டர் உடம்பில் சேரும் அளவு அதனால் இரண்டரையிலிருந்து நான்கு மடங்கு வரை கூடும். நெய் ஊற்றிய இட்லி நன்றாகவே போதும். கல்லீரல் நொதிகளை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அபூர்வமாக கல்லீரல் பாதிப்பு கடுமையாகவும் ஆகியிருக்கிறது.

பாப்பா இன்னும் அந்த மாத்திரையைச் சாப்பிடவில்லை.

டிரைகாஃப்டா வந்தபோது அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை வருஷத்துக்கு 3,11,000 டாலர். நம் பணத்தில் இரண்டு கோடிக்கு மேல், ஒவ்வொரு வருஷமும், உயிர் உள்ளவரை. 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி சிகிச்சைக்குக் கிடைக்கும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். அது மூன்று மாதத்துக்குக்கூட வராது. இங்கே கம்பெனி கடையில் விற்கவும் இல்லை. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, இதைப் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்தாகத் தயாரித்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 5,700 டாலரில் முடியும் என்று கணக்குப் போட்டது. அர்ஜென்டினாவில் காடோர் என்ற நிறுவனம் தயாரிக்கிறது, பங்களாதேசின் பெக்சிம்கோவும் இறங்கியிருக்கிறது. உலகத்துக்கே மருந்து செய்து கொடுக்கும் நம் நாட்டில் காப்புரிமை குறுக்கே நிற்கிறது. 2012இல் நெக்சாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ என்ற இந்தியக் கம்பெனிக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை இருந்தும் இன்னொருவர் தயாரிக்க அனுமதி, கொடுத்தபோது மாதம் 2,80,000 ரூபாயாக இருந்தது 8,800 ரூபாயானது. சட்டம் இருக்கிறது, ஒருமுறை பயன்பட்டும் இருக்கிறது. வெர்டெக்ஸ் ஆராய்ச்சிக்குப் போட்ட பணமும் ஏற்ற ஆபத்தும் சின்னதில்லை, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் தொடக்கத்தில் ஆபத்தை ஏற்றது பெற்றோர் கொடுத்த நன்கொடை. அந்த ஃபவுண்டேஷன் தனக்கு வர வேண்டிய ராயல்டியை 2014இல் 330 கோடி டாலருக்கு விற்றது. இவ்வளவு பணம் ஈட்டிய ஒரு மருந்தை, அதை வாங்கவே வழியில்லாத நாட்டில் வேறு யாரும் செய்யக்கூடாது என்று தடுப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

அண்ணன் இப்போது வெளிநாட்டுப் பொதுப்பெயர் மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்வதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறான். அதற்கு மருத்துவர் சீட்டோடு 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். கொள்கைப் பட்டியலில் உள்ள அரிய நோய்களுக்கு இப்படிக் கொண்டுவரும் மருந்துக்கு 2023 ஏப்ரலிலிருந்து சுங்க வரி விலக்கும் உண்டு. அந்த விலையே அவனுடைய சம்பளத்துக்கு மலை. அதுவரைக்கும் பாப்பாவுக்கு நடப்பது பழைய வைத்தியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அவள் இன்று பள்ளிக்கூடம் போவது அதனால்தான். காலையும் மாலையும் உப்பு நீர் நெபுலைசர், அப்புறம் அண்ணி முதுகையும் விலாவையும் தட்டிச் சளியை எடுப்பார், ஒவ்வொரு சாப்பாட்டோடும் கணைய நொதி கேப்சூல், தட்டுவடை செட் சாப்பிட்டால் அதற்கும் சேர்த்து. ஏ, டி, இ, கே வைட்டமின்கள். வெயில் காலத்தில் மோரில் தூக்கலாக உப்பு.

எல்லாக் குழந்தைக்கும் இந்த மூன்று மருந்துக் கூட்டு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். சில மாற்றங்களில் புரதம் உருவாவதே பாதியில் நின்றுவிடும், திருத்துவதற்குப் பொருளே இருக்காது. உலக அளவில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அப்படி. நம்மிடம் எஃப்508டெல் குறைவு என்பதால் இந்தப் பங்கு கூடுதலாக இருக்கலாம், யாருக்கு எது என்று தெரிய மரபணுச் சோதனை ஒன்றுதான் வழி. புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் செல்லுக்குக் கொண்டுபோகும் எம்ஆர்என்ஏவை மூச்சு வழியாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் அவர்களுக்காக நடந்துகொண்டிருக்கின்றன.

சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கத்துப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு விடாத சளி இருமல், நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாமை, எண்ணெய் மிதக்கும் நாற்றமடிக்கும் மலம், வெயிலில் துவண்டு ரத்தத்தில் உப்பு இறங்குவது, வியர்வை காய்ந்த நெற்றியில் உப்புப் பூப்பது, பிறந்தவுடன் மலம் போகாமல் குடல் அடைத்தது, அல்லது வீட்டில் முன்பு ஒரு குழந்தை இப்படியே போனது என்று இருந்தால், மருத்துவரிடம் ஸ்வெட் டெஸ்ட் செய்யலாமா என்று கேளுங்கள். கிருமி தெரியாமலே டிபி மருந்து கொடுக்கப்பட்டு இருமல் நிற்கவில்லை என்றாலும் கேளுங்கள். சேலம் ஜங்ஷனில் காலையில் ரயில் ஏறினால் காட்பாடியில் மதியத்துக்குள் இறங்கிவிடலாம், அங்கிருந்து சிஎம்சி பக்கம்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் என் சித்தி மகனும் அம்மா வழிச் சொந்தம்தான், அவனிடம் போன வாரம் பேசினேன், கடத்திச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறான், நானும் அவனோடு சேர்ந்து கொடுக்கப் போகிறேன்.